நிலத்துக்கும் ஒரு லெட்ஜர் வேணும் - தங்கவயல் பக்கத்து அஞ்சு ஏக்கர்

பஹ்ரைன்ல வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிட ஒண்ணு கூடுற தமிழ்க் குடும்பங்கள் எல்லாத்துலயும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஊர்ல நிலம் என்ன ஆச்சு? வித்துட்டீங்களா, வச்சிருக்கீங்களா?" தஞ்சாவூர்க்காரர், திண்டுக்கல்காரர், யாழ்ப்பாணத்துக்காரர் எல்லாருக்கும் இதே கதைதான். விக்கணும்னு பாதிப்பேர் சொல்வாங்க. தாத்தா சொத்து, வச்சுக்கணும்னு மீதிப்பேர் சொல்வாங்க. அந்த நிலம் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்குதுன்னு கேட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

நான் பி.காம். படிச்சவன். இருபது வருஷமா வங்கியில அடுத்தவங்க பேலன்ஸ் ஷீட்டைப் படிச்சு, கடன் கொடுக்கலாமா வேண்டாமான்னு சொல்றதுதான் பொழைப்பு. அந்தப் புத்தியோட எங்க வீட்டு நிலத்தைப் பார்த்ததுல எனக்குத் தோணினதை எழுதறேன். என் கட்சி இதுதான்: வெளிநாட்டுல இருக்கற நாம "விக்கறதா, வச்சுக்கறதா"ன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி, அந்த நிலத்தை ஒரு தொழிலா நடத்தணும். கணக்கு, ஆள் சம்பளம், அடுத்த பொறுப்பு யாருக்கு, இந்த மூணையும் எழுத்துல கொண்டு வரணும். அது இல்லாம வச்சிருந்தாலும் தப்பு, வித்தாலும் தப்பு.

எங்க ஊர்க் கதை

கோலார் தங்கவயல்னு சொன்னா இப்போ எல்லாரும் சினிமாவைத்தான் கேக்கறாங்க. எங்களுக்கு அது ஊர். 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி வந்தப்புறம் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்துலேருந்து சனங்க சாரை சாரையா வந்து குடியேறின ஊர். 1902-லயே சிவசமுத்திரத்துலேருந்து மின்சாரம் வந்த ஊர். மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துக்கு இறங்கின சுரங்கம் இருந்த ஊர். 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடினாங்க. அதுக்கப்புறம் மாரிக்குப்பத்துல ரயிலேறி பெங்களூர் போய் வேலை பார்த்துட்டு ராத்திரி திரும்பற ஊரா ஆயிடுச்சு. ஆயிரக்கணக்கான பேருக்கு இன்னைக்கும் அதுதான் வாழ்க்கை.

எங்க தாத்தா 1960-கள்ல, சுரங்கச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, பேத்தமங்களா பக்கம் அஞ்சு ஏக்கர் வாங்கினார். பாலாத்து ஓரம். தங்கவயலுக்குக் குடிதண்ணி கொடுத்த ஏரி இருக்கற ஊர்தான் பேத்தமங்களா. அப்பாவும் சுரங்கத்துல மேஸ்திரி. மூடினப்போ அவருக்கு வயசு 50. கையில வந்த பணத்தைப் போட்டு நிலத்துல போர் போட்டார். அன்னையிலேருந்து இருபத்தஞ்சு வருஷமா விவசாயி. ஊர்ல இன்னும் "மேஸ்திரி"ன்னுதான் கூப்பிடறாங்க.

இப்போ அவருக்கு 74. அண்ணன் டெக்சாஸ்ல. நான் இங்கே. தங்கச்சி ராபர்ட்சன்பேட்டையில. அஞ்சு வருஷமா தினம் காலையில ஸ்கூட்டர் எடுத்துட்டுப் போய் நிலத்தைப் பார்த்துக்கறது அவதான். நிலத்துலயே தங்கி வேலை செய்யற ஒரு தம்பதி இருக்காங்க. ஒன்றரை ஏக்கர் மா, ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு ஏக்கர் தக்காளி, மீதி மாட்டுத் தீவனம், நாலு மாடு. கோலார் மாவட்டத்துக்குப் பட்டு, பால், தங்கம்னு மூணு அடையாளம் சொல்வாங்க. தங்கம் போச்சு, மத்த ரெண்டும் எங்க நிலத்துல இருக்கு.

திடீர்னு ஏன் இந்தப் பேச்சு?

ரெண்டு காரணம். ஒண்ணு ரோடு. சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடற பெங்களூர் - சென்னை எக்ஸ்பிரஸ் சாலை எங்க பக்கமாத்தான் போகுது. கர்நாடகப் பகுதியில 2024 கடைசியிலேயே வண்டி ஓட ஆரம்பிச்சாச்சு. ரெண்டாவது சட்டம். கர்நாடகத்துல விவசாயி அல்லாதவங்க விவசாய நிலம் வாங்க முடியாதபடி நிலச் சீர்திருத்தச் சட்டத்துல 79ஏ, 79பி-ன்னு பிரிவுகள் இருந்தது. 2020-ல அதை எடுத்துட்டாங்க. பெங்களூர்ல பணம் வச்சிருக்கற யார் வேணும்னாலும் வாங்கலாம். அதனால புரோக்கர்கள் வாசல்ல வந்து நிக்கறாங்க. எங்க நிலத்துக்கு ஏக்கருக்கு 40 லட்சம்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்கார்.

அண்ணன் கணக்கு சுலபம். அஞ்சு ஏக்கர், ரெண்டு கோடி. ஃபிக்ஸட் டெபாசிட்ல ஆறரை சதவீதம்னா வருஷம் 13 லட்சம். "அப்பா இந்த வயசுல வெயில்ல நிக்கணுமா?"ன்னு கேக்கறான். நியாயமான கேள்விதான். அவனைப் பேராசைக்காரன்னு நான் சொல்ல மாட்டேன்.

முதல்ல கணக்கு

அப்பா நோட்டுப்படி போன வருஷம் வரவு 7,80,000. செலவு 5,50,000. மிச்சம் 2,30,000. "லாபம்தானேடா"ங்கறார்.

மத்திய அரசு பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை நிர்ணயிக்கப் பரிந்துரை செய்யற விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையம், செலவை மூணு விதமா பிரிக்கும். ஏ2-ன்னா கையை விட்டுப் போன செலவு: விதை, உரம், கூலி, மருந்து, சாமான்களோட தேய்மானம். அதோட வீட்டு ஆளுங்க உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தா ஏ2 பிளஸ் எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தா சி2. சுவாமிநாதன் ஆணையம் சொன்ன "செலவுக்கு மேல 50 சதவீதம்" எந்தச் செலவுக்கு மேலங்கற சண்டை இன்னும் ஓயலையே, அது இந்த வித்தியாசத்தாலதான்.

இதை எங்க நிலத்துக்குப் போட்டேன். 1,200 அடி போர், மோட்டார், பைப் எல்லாம் சேர்த்து மூணரை லட்சம். எங்க பக்கம் போர் ஏழு வருஷம் தண்ணி கொடுத்தாலே பெரிய விஷயம். ஆக வருஷத் தேய்மானம் 50,000. மிச்சம் 1,80,000 ஆச்சு. அடுத்து வீட்டு உழைப்பு. ராபர்ட்சன்பேட்டையில ஒரு கடையில கணக்கு எழுதினாலே தங்கச்சிக்கு மாசம் 12,000 கிடைக்கும். வருஷத்துக்கு 1,44,000. அப்பா உழைப்புக்கு மாசம் 8,000-ன்னு வச்சாலும் 96,000. ரெண்டும் சேர்ந்து 2,40,000. இப்போ பாருங்க, 60,000 நஷ்டம். நிலத்துக்கு வாடகையும் முதலுக்கு வட்டியும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நோட்டுல இருந்த அந்த 2,30,000-ஐ நிலம் சம்பாதிக்கலை. சம்பளம் வாங்காத ஒரு பொண்ணும், ஓய்வெடுக்காத ஒரு கிழவரும், தீர்ந்துட்டு வர்ற போர் தண்ணியும் சேர்ந்து கொடுத்தது அது. உங்க ஊர் நிலத்துக்கும் ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. பாதி வீட்டுல இதே விடைதான் வரும்னு பந்தயம் கட்டறேன்.

அப்போ வித்துட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். இருங்க. நஷ்டத்துக்குக் காரணம் தெரிஞ்சா சரிபண்ண முடியுமான்னு பார்க்கலாம். எங்க நிலத்துல பால் பணம் ஒன்றியத்துலேருந்து ஒழுங்கா வங்கிக் கணக்குக்கு வருது. ஆளுங்க சம்பளத்துல பெரும்பகுதிக்கு அதுவே போதும். பட்டுக்கூடும் வருஷத்துல பல தடவை காசு பார்க்குது. இழுத்து விடறது தக்காளி. கோலார் சந்தை ஆசியாவிலேயே பெரிய தக்காளிச் சந்தைகள்ல ஒண்ணு. 2023 ஜூலையில அங்கே 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டிப் போச்சு, பேப்பர்ல எல்லாம் வந்தது. அதைப் பார்த்து எல்லாரும் நட்டாங்க, செப்டம்பர்ல விலை தரைக்கு வந்துடுச்சு. அதனால தக்காளி ஒரு ஏக்கருக்கு மேல போகக் கூடாது, அதுக்குக் கடன் வாங்கக் கூடாது. இதை ஒரு விதியா எழுதி வைக்கச் சொன்னேன்.

இன்னொரு விதி: நாலு பேரும் சம்மதிக்காம புதுசா போர் போடக் கூடாது. கோலார்ல வற்றாத ஆறு ஒண்ணும் கிடையாது. 2018-லேருந்து பெங்களூர் கழிவுநீரைச் சுத்திகரிச்சு மாவட்டத்து ஏரிகளுக்கு விடறாங்க, அதோட தரத்தைப் பத்தி இன்னும் வாதம் நடக்குது. போர்ங்கறது நாள் செலவு இல்லை, முதலீடு. தண்ணி வரலைன்னா அடுத்த நாளே இன்னொரு 300 அடி இறக்கறது, ஒழுங்கா கட்டாதவனுக்கு மறுபடி மறுபடி கடன் கொடுக்கற வங்கி மாதிரி. நம்ம பக்கம் எத்தனை குடும்பம் அதுல முழுகியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

நிலத்துல வேலை செய்யறவங்க

வெளிநாட்டுத் தமிழர் நிலத்துல ஒரு பழக்கம் உண்டு. ஆள் ஓடிப் போகாம இருக்க 50,000, ஒரு லட்சம்னு அட்வான்ஸ் கொடுத்து வைக்கிறது. "பணம் வாங்கியிருக்கான், எங்கே போவான்?"னு பெருமையா சொல்றவங்களை இங்கேயே கேட்டிருக்கேன். இங்கே நம்ம பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கிட்டா கொதிக்கிறோமே, அது வேற இது வேறயா? கடனுக்காக ஒருத்தரை வேற வேலைக்குப் போக விடாம வச்சிருந்தா அதுக்குப் பேர் கொத்தடிமை. 1976-லேருந்து அது சட்டப்படி குற்றம்.

ஆள் நிக்கறதுக்கு வழி, நிக்கறதுல அவனுக்கு ஒரு லாபம் இருக்கணும். அஞ்சு ஏக்கர் நிலத்துக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் வராது. ஆனா நாமளே செய்யக்கூடியது இருக்கு. செலவைப் பாருங்க:

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா - விபத்துக் காப்பீடு. வருஷம் 20 ரூபாய், 2 லட்சம் வரைக்கும்.

ஜீவன் ஜோதி பீமா - ஆயுள் காப்பீடு. 50 வயசுக்குள்ள சேரலாம். வருஷம் 436 ரூபாய், 2 லட்சம்.

அடல் பென்ஷன் - 18-லேருந்து 40 வயசுக்குள்ள சேரணும். 60 வயசுக்கு மேல மாசம் 1,000 ரூபாய் பென்ஷன் வேணும்னா, 40 வயசுல சேர்றவங்களுக்கு மாசம் 291 ரூபாய்.

எங்க நிலத்துல அந்தம்மாவுக்கு வயசு இருக்கு, அடல் பென்ஷன்ல சேர்த்தாச்சு. அவர் 44-ஐத் தாண்டிட்டார், அதனால அவர் பேர்ல மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. ரெண்டு பேருக்கும் ரெண்டு காப்பீடு. சம்பளம் வங்கிக் கணக்குல. எல்லாம் சேர்த்து மாசம் 1,400 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. இங்கே நாலு பேர் ஒரு தடவை ஹோட்டலுக்குப் போற காசு. இதுக்கு அண்ணனும் மறுபேச்சு பேசலை.

குத்தகையைப் பத்தியும் ஒரு வார்த்தை. "பேசாம குத்தகைக்கு விட்டுடுங்க"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. தமிழ்நாட்டுல எழுத்து மூலம் குத்தகை விடலாம், குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. கர்நாடகத்துல அப்படி இல்லை. 1974 திருத்தத்துக்கு அப்புறம், ராணுவத்துல இருக்கறவங்க மாதிரி சில விலக்குகள் தவிர, விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடறதே சட்டப்படி கூடாது. வாய்வார்த்தையில நடக்குது, நடக்கலைன்னு சொல்லலை. ஆனா அப்படிப் பயிர் பண்றவர் கையில காகிதம் இல்லாததால பயிர்க்கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாத்துக்கும் அல்லாடணும். பயிர் போனா நஷ்டம் முழுக்க அவர் தலையில. அந்த ஏற்பாட்டுல நிலக்காரன் நிம்மதியா இருக்கான்னா, இன்னொருத்தன் அந்த நிம்மதிக்கு விலை கொடுக்கறான்னு அர்த்தம்.

தங்கச்சிக்குச் சம்பளம்

இதுலதான் வீட்டுல சண்டையே வந்தது. நிலத்தைப் பார்த்துக்கறவளுக்கு மாசம் 12,000 சம்பளம் போடணும், பற்றாக்குறை வந்தா நானும் அண்ணனும் பாதிப்பாதி போடணும்னு சொன்னேன். "கூடப்பொறந்தவளுக்குக் கூலியா?"ன்னு அண்ணன் கோவிச்சுக்கிட்டான். அம்மாவும், "வெளியில கேட்டா அசிங்கம்"னாங்க. தங்கச்சி ஒண்ணும் பேசலை. ரெண்டு நாள் கழிச்சு எனக்குத் தனியா போன் பண்ணினா. "அண்ணே, சம்பளம் கூட வேணாம். நிலத்தை விக்கப் பேசினீங்களே, மூணு மாசம் பேசினீங்க, என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கலையே"ன்னா.

அதுக்கு மேல என்னத்தைச் சொல்ல. தினம் போற ஒருத்தியை விட்டுட்டு, வருஷத்துல பத்து நாள் வர்ற ரெண்டு பேர் உட்கார்ந்து நிலத்தோட கதியைப் பேசறோம். சம்பளம் கொடுக்கறது அவளைக் கூலியாக்கறதுக்கு இல்லை. அவ செய்யறது வேலைன்னு ஒத்துக்கறதுக்கு. பாசத்துக்காகச் செய்யறான்னு சொல்லிட்டா அந்த உழைப்பு கணக்குல வராது. கணக்குல வராதவங்களை முடிவெடுக்கறப்போ யாரும் கூப்பிடறதும் இல்லை.

அப்பாவுக்கு அப்புறம்

இது வெளிநாட்டுல இருக்கறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய பகுதி.

வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவுல விவசாய நிலம் வாங்க முடியாது. ஊர்ல இருக்கற அப்பா நமக்குத் தானமா எழுதிக் கொடுக்கவும் முடியாது. வாரிசாகவோ உயில் மூலமோ வரலாம், அதுக்குத் தடையில்லை. அப்படி வந்த நிலத்தை நாம விக்கணும்னா, இந்தியாவுல வசிக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கலாம். "அப்பா இருக்கறப்பவே என் பேருக்கு மாத்திடலாம்"னு நினைக்கிறவங்க ஊர் வக்கீலை மட்டும் கேட்காம, அந்நியச் செலாவணி விதி தெரிஞ்சவங்களையும் கேளுங்க.

உயில் இல்லாம போனா, மகளுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தானாலும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை. 2005 திருத்தமும், 2020-ல வினீதா சர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான் உறுதி பண்ணுது. கர்நாடகத்துல 1994-லயே மாநிலத் திருத்தம் வந்தாச்சு. "அவளுக்குத்தான் சீர் செஞ்சாச்சே"ங்கற பேச்சு எந்தக் கோர்ட்லயும் எடுபடாது.

அப்புறம் காகிதம். நம்ம பக்கம் எத்தனை பஹணியில இன்னும் செத்துப்போன தாத்தா பேர் இருக்கு தெரியுமா? பௌதி காத்தா மாத்தாததால கடனும் கிடைக்காது, நஷ்ட ஈடும் வராது. எக்ஸ்பிரஸ் சாலைக்கு நிலம் எடுக்கறப்போ பணம் கைக்கு வர நாய் படாத பாடு. உயிரோட இருக்கறப்போ ஒரு நாள் வேலை. போனப்புறம் பத்து வருஷ வழக்கு.

விக்கற முடிவுக்கு வந்தவங்களுக்கும் ஒரு குறிப்பு. 1 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரை சனத்தொகை உள்ள நகராட்சின்னா, எல்லையிலேருந்து நேர்கோட்டுல 6 கிலோமீட்டருக்குள்ள இருக்கற விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரி உண்டு. அதுக்கு வெளியில இருந்தா இல்லை. தங்கவயல் அந்த வகையில வருது. அளந்து பார்த்துட்டுப் பேரம் பேசுங்க.

என் யோசனை

நான் வீட்டுக்கு எழுதி அனுப்பினது ஒரு பக்கம்தான். மூணு வருஷம் நடத்திப் பார்க்கறது. நிலத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. தங்கச்சிக்குச் சம்பளம், தினசரி முடிவெல்லாம் அவளோடது. அப்பா ஆலோசனை சொல்லலாம், வெயில்ல நிக்கக் கூடாது (இது நடக்காதுன்னு எனக்கே தெரியும்!). நானும் அண்ணனும் மாசம் ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம், அதுக்கு மேல மூக்கை நுழைக்கக் கூடாது. அப்பா உயில் எழுதறார், எங்க மூணு பேருக்கும் தெரிஞ்சே எழுதறார். மூணு வருஷம் தொடர்ந்து எல்லார் சம்பளமும் போக நிலம் தன் காலில் நிக்கலைன்னா, முதல்ல ரெண்டு ஏக்கரை விக்கறது. அதுல வேலை செஞ்ச தம்பதிக்கு ஒரு பங்கை ஒதுக்கி, பேர் போட்டு எழுதி வைக்கிறது.

கடைசி வரியைத்தான் அண்ணன் புரிஞ்சுக்கலை. "விக்காம இருக்கறதுக்குத் திட்டம் கேட்டா, விக்கறதுக்கும் திட்டம் எழுதியிருக்கியே"ன்னான். தங்கவயல்ல பொறந்தவனுக்கு இது புரியணும். ஆரம்ப காலத்துல ஒரு டன் கல்லுல 40 கிராமுக்கு மேல தங்கம் கிடைச்ச சுரங்கம், கடைசியில 3 கிராமுக்கு வந்து நின்னது. ஒரே ராத்திரியில குறையலை, பல பத்து வருஷமா எல்லார் கண்ணு முன்னாடியும் குறைஞ்சது. 1990-கள்லயே நலிஞ்ச நிறுவனம்னு பி.ஐ.எஃப்.ஆர். வரைக்கும் போயாச்சு. ஆனா மூடின மறுநாள் இந்த ஊர் எப்படிச் சாப்பிடும்னு ஒரு திட்டம் ஊருக்குக் கிடைக்கலை. சைனைடு மேடு மட்டும் மிச்சம். நஷ்டத்தைச் சொல்ல வெக்கப்படற இடத்துல, மூடற நாள் திடீர்னுதான் வரும்.

அஞ்சு ஏக்கருக்கும் அதே கதி வரக் கூடாதுன்னுதான் சொல்றேன். நிலத்தை நேசிக்கிறவன் முதல்ல அதோட கணக்கைப் பார்க்கணும். ஒருவேளை விக்கறதாவே இருந்தாலும், அங்கே நின்னு உழைச்சவங்களோட உட்கார்ந்து பேசி, தேதி குறிச்சு, அவங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டு விக்கணும். நம்ம பங்கு ரெண்டாவதுதான்.

முதல் மாசச் சம்பளம் இந்த ஒண்ணாந்தேதி தங்கச்சி கணக்குல ஏறிடுச்சு. அண்ணனும் அவன் பாதியை அனுப்பிட்டான், ஒரு வார்த்தை பேசாம. உயில் மட்டும் பாக்கி. "அடுத்த மாசம் பார்க்கலாம்டா"ங்கறார் மேஸ்திரி. விட மாட்டேன்.

டிஸ்கி: நான் வங்கிக்காரன், வக்கீல் இல்லை. சட்டமும் வட்டியும் காப்பீட்டுத் தொகையும் மாறும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க ஊர் வக்கீல், ஆடிட்டர் ரெண்டு பேரையும் பார்த்துடுங்க.